ஷோவா, தராசா, பிராண்டா: இறைச்சி மாட்டினச் சங்கம் காசை எதுல போடணும்?

இறைச்சிக்குன்னே வளக்குற ஒரு மாட்டினத்துக்கு சங்கம் ஆரம்பிச்சா, முதல் மீட்டிங்லயே வர்ற சண்டை கையில இருக்குற கொஞ்ச காசை எதுல போடுறதுங்கறதுதான். ஒரு கோஷ்டி ஷோ நடத்தணும், கப் குடுக்கணும், அப்பதான் நம்ம இனம் நாலு பேருக்கு தெரியும்பாங்க. இன்னொரு கோஷ்டி எடை மெஷின் வாங்கணும், கன்னு பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் எழுதி கம்ப்யூட்டர்ல ஏத்தணும்பாங்க. மூணாவது கோஷ்டி, அதெல்லாம் விடுங்கப்பா, கறியை இனத்தோட பேர்ல விப்போம், காளைக்கு டிமாண்ட் தானா வரும்பாங்க. இதுக்கு நடுவுல ஹெர்ட் புக்கை, அதாவது இனத்தோட வம்சாவளி புத்தகத்தை, மூடி வைக்கணுமா தொறந்து வைக்கணுமான்னு தனியா ஒரு ரகளை ஓடும்.

எல்லார் பக்கமும் நியாயம் இருக்குதான். நான் இதை வேற ஒரு கேள்விய வச்சு பாக்குறேன்: ஒவ்வொரு வழியும் மெம்பரை எதை மறைக்கச் சொல்லி தூண்டுது? ஏன்னா சங்கம்னா அடிப்படையில அடுத்தவன் எழுதிக் குடுத்ததை நம்புறது. 1822ல ஜார்ஜ் கோட்ஸ் இங்கிலாந்துல ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு வம்சாவளி புத்தகம் போட்டாரே, மாட்டுக்குன்னு வந்த முதல் ஹெர்ட் புக், அதுலயும் இந்த காளைக்கு அப்பன் இதுதான்னு மாட்டுக்காரர் சொன்னாதான் உண்டு. அன்னைக்கு டிஎன்ஏ டெஸ்டா இருந்துச்சு.

முதல்ல ஷோ. இதுல நல்லது இல்லைன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப் போகாது. புது ஆளுங்க இனத்தை நேர்ல பாக்குற எடம் அதுதான், வாங்க வர்றவங்க வர்ற எடமும் அதுதான், செலவும் கம்மி. கால் அமைப்பு, குளம்பு, மடி, நடை இதெல்லாம் எந்த தராசுலயும் ஏறாது, அனுபவப்பட்ட கண்ணுக்குதான் தெரியும். பிரச்சனை என்னன்னா ஜட்ஜுக்கு கண்ணு மட்டும்தான் இருக்கு, அந்த கண்ணு ஃபேஷனுக்கு பின்னாடி போகும்.

இதுக்கு அமெரிக்காவுல ஹெர்ஃபோர்டுங்கற இறைச்சி மாட்டினத்தோட கதையை விட பெரிய பாடம் கிடையாது. 1940கள்ல அங்க ஷோ ரிங்ல குட்டையா, கட்டையா, கால் சின்னதா, செங்கல் மாதிரி இருக்குற மாடுதான் ஜெயிச்சுச்சு. கொஞ்ச வருஷத்துல பண்ணைகள்ல குள்ளக் கன்னுங்க பொறக்க ஆரம்பிச்சுது, நெத்தி புடைச்சு, மூச்சு விடும்போது கொர்கொர்னு சத்தம், நிறைய கன்னு சீக்கிரமே செத்துப் போச்சு. அது ஒரு ஒடுங்கு ஜீன். ரெண்டு பக்கமும் இருந்தாதான் குள்ளம், ஒரு பக்கம் மட்டும் இருந்தா மாடு பாக்க நல்லாதான் இருக்கும், இன்னும் சொல்லப்போனா ஜட்ஜ் கேக்குற மாதிரியே கொஞ்சம் கட்டையா இருக்கும். இப்படி ஒரு பக்கம் மட்டும் ஜீனை சுமக்குற மாட்டைத்தான் கேரியர்ம்பாங்க. அதாவது கேரியரா பாத்துப் பாத்து பரிசு குடுத்திருக்காங்க. கேரியர் காளையும் கேரியர் பசுவும் சேர்ந்தா நாலுல ஒரு கன்னுக்கு குள்ளமா பொறக்க வாய்ப்பு. அப்படிப் பொறந்த கன்னை வெளிய சொன்னா அப்பன் காளையோட வெலை அன்னைக்கே போச்சு, அதனால சத்தமில்லாம பொதைச்சவங்களும் இருந்தாங்க. ஷோ எதை மறைக்கச் சொல்லுதுன்னா இதைத்தான்.

அந்த காலத்துல ஒரு காளை சுத்தம்னு நிரூபிக்குறது எவ்வளவு கஷ்டம்னு கணக்கு போட்டா புரியும். தெரிஞ்ச கேரியர் பசுக்களோட சேத்து 16 கன்னு பொறந்து ஒண்ணு கூட குள்ளம் இல்லைன்னாதான் 99 சதவீதம் நம்பலாம். கேரியர் பசு கையில இல்லாம காளையோட சொந்த மக கிடாரிகளோடயே சேத்து பாத்தா 35 கன்னு வேணும். சின்ன பண்ணைக்காரன் எங்க போவான்.

குட்டை ஃபேஷன் போய் 70, 80கள்ல அப்படியே தலைகீழா, ஒட்டகம் மாதிரி ஒசந்த மாடுதான் மாடுன்னு ஆச்சு. பெரிய பசுன்னா தீனி அதிகம், லேட்டாதான் கொழுப்பு புடிக்கும். கன்னும் பெருசா வந்து ஈனுறப்போ சிக்கிக்கும். ரெண்டு ஃபேஷனுக்கும் கைதட்டினது அதே ரிங்தான். பெல்ஜியன் ப்ளூங்கற இனத்துல கண்ணுக்கு தெரியுற தசையை மட்டுமே துரத்தித் துரத்தி, கடைசியில சிசேரியன் இல்லாம கன்னு எடுக்குறதே அபூர்வம்ங்கற நிலைமைக்கு வந்தாங்க.

இன்னொண்ணு, 1963ல ஸ்காட்லாந்து பெர்த் ஏலத்துல லிண்டெர்டிஸ் எவல்ஸ்னு ஒரு அபர்டீன் ஆங்கஸ் காளை 60,000 கினிக்கு (பழைய பிரிட்டிஷ் காசு கணக்கு) போச்சு. அன்னைக்கு அது கேள்விப்படாத வெலை. அப்புறம் பாத்தா அந்த காளையால சினை புடிக்க வைக்க முடியாதாம். பொலிகாளைக்கு முதல் தகுதியே அதுதானே, அதைத்தான் யாரும் பாக்கல!

இப்ப தராசு பக்கம். பொறந்த எடை, பால் மறக்குற எடை, ஒரு வயசு எடை, ஸ்கேன்ல தெரியுற கறித் தசையும் மார்பிளிங்கும் (கறிக்குள்ள ஓடுற கொழுப்பு), பசு எத்தனை நாளுக்கு ஒருக்கா ஈனுதுன்னு எல்லாத்தையும் எழுதி, ஒரே சீசன்ல ஒரே மேய்ச்சல்ல வளந்த கன்னுகளுக்குள்ள மட்டும் ஒப்பிட்டு, சொந்தக்காரங்க டேட்டாவையும் சேத்து இந்த காளையோட ஜீன் மதிப்பு இவ்வளவுன்னு கணக்கு போடுறது. ஆஸ்திரேலியாவுல 1985ல வந்த பிரீட்பிளான் இதுக்கு நல்ல உதாரணம். நல்லா தீனி போட்டு கொழுக்க வச்ச கன்னும் காஞ்ச மேய்ச்சல்ல நின்ன கன்னும் ஒரே தட்டுல நிக்காதுங்கறதுதான் இதோட பெரிய பலம், ஷோல ஜெயிக்கறது பாதி நேரம் தீவனம்தான்.

ஆனா எல்லா குணமும் ஒரே வேகத்துல நகராது. எடை, மார்பிளிங் மாதிரி விஷயங்கள்ல மாட்டுக்கு மாடு இருக்குற வித்தியாசத்துல கால்வாசிலேர்ந்து பாதிக்கு கிட்ட வரை ஜீன் வழியா வர்றது, அதனால நாலஞ்சு வருஷத்துல பலன் தெரியும். சினை புடிக்குற தன்மையில பத்துல ஒரு பங்கு அளவுதான், ரொம்ப பொறுமை வேணும். மெம்பருங்க சீக்கிரம் நகர்றதைத்தான் துரத்துவாங்க. நம்பரைத் துரத்தறதும் ஒரு ஃபேஷன்தான், ரிங் இல்லாத ஃபேஷன்.

அதுக்கும் சாட்சி இருக்கு. 2008ல அமெரிக்க ஆங்கஸ்ல உடம்பு வளைஞ்சு, செத்துப் பொறக்குற கன்னுங்க விஷயம் வெளிய வந்துச்சு, தடம் புடிச்சுப் போனா மார்பிளிங் எண்ணுக்காக சினை ஊசி மூலமா எங்க பாத்தாலும் பரவியிருந்த ஜிஏஆர் ப்ரிசிஷன் 1680ங்கற காளைகிட்ட போய் நின்னுச்சு. இதுவும் ஒடுங்கு ஜீன்தான், அதே நாலுல ஒண்ணு கணக்கு. அப்ப தராசும் ஷோவும் ஒண்ணுதானான்னு கேக்கலாம். இல்லைங்க. ஹெர்ஃபோர்டுல வருஷக்கணக்கா இழுத்த விஷயம் இங்க மாசக்கணக்குல புடிபட்டுச்சு. கன்னைப் பத்தி சொல்ல ஆள் இருந்தாங்க, வம்சாவளி பதிவு ஒழுங்கா இருந்துச்சு, டிஎன்ஏ டெஸ்ட் வந்துச்சு, எந்தெந்த காளை கேரியர்னு சங்கமே வெளிப்படையா லிஸ்ட் போட்டுச்சு. தப்பு எல்லா வழியிலயும் நடக்கும், எவ்வளவு சீக்கிரம் வெளிய வருதுங்கறதுலதான் வித்தியாசம்.

தராசு வழியில மறைக்குறது வேற மாதிரி நடக்கும். ரிஜிஸ்டர் பண்ற ஒவ்வொரு கன்னுக்கும் சங்கம் ஃபீஸ் வாங்குனா என்ன ஆகும்? நல்ல கன்னை மட்டும் எழுதுவான், சோப்ளாங்கி கன்னை கணக்குலயே காட்ட மாட்டான். விளைவு, அந்த பண்ணையில சராசரி ஒசந்து போய் நல்ல கன்னே சுமாரா தெரியும், கன்னே போடாத பசு யார் கண்ணுக்கும் படாம வருஷம் வருஷம் மேஞ்சுகிட்டு இருக்கும். இதுக்கு ரெட் ஆங்கஸ் சங்கம் 1995ல ஒரு வழி புடிச்சுச்சு: கன்னுக்கு ஃபீஸ் கிடையாது, மந்தையில இருக்குற ஒவ்வொரு பசுவுக்கும் வருஷ ஃபீஸ். பசுவுக்கு காசு கட்டியாச்சு, இனி கன்னை மறைச்சு என்ன லாபம்? ஈனாத பசுவுக்கும் சேத்து கட்டணும்னா அதை வித்துட்டு வேற வேலை பாப்பான். ஃபீஸை எதுமேல வைக்குறோம்னு மாத்தினதுலயே டேட்டாவும் சுத்தமாச்சு, சினை விஷயமும் கவனிக்கப்பட்டுச்சு. எந்த மெஷினும் வாங்காம நடந்த காரியம் இது, என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த மொத்த அலசல்லயும் ரொம்ப கெட்டிக்காரத்தனமான ஐடியா இதுதான்.

அந்த ரெட் ஆங்கஸ் ஆளுங்க யாருன்னு பாத்தா இன்னும் சுவாரசியம். ஆங்கஸ்ல செவப்பு நிறமும் ஒடுங்கு ஜீன்தான், கருப்புக்கு நடுவுல அப்பப்ப செவப்பு கன்னு பொறக்கும். அமெரிக்க சங்கம் 1917ல செவப்பை புத்தகத்துல சேக்க மாட்டோம்னுட்டாங்க. மாட்டுல எந்த குறையும் இல்ல, நிறம் மட்டும்தான். அப்படி ஒதுக்கப்பட்ட மாடுகளை வச்சிருந்தவங்க 1954ல தனி சங்கம் ஆரம்பிச்சு, எடைப் பதிவையே ஆதாரமா வச்சு இனத்தை கட்டுனாங்க. ஒரே ரத்தம், ரெண்டு சங்கம்.

இதை விட கண்டிப்பான மாடல் தென்னாப்பிரிக்காவோட போன்ஸ்மாரா. யான் போன்ஸ்மா மாரா ஆராய்ச்சிப் பண்ணையில ஆஃப்ரிகானர் 5/8 பங்கு, ஹெர்ஃபோர்டும் ஷார்ட்ஹார்னும் 3/8 பங்குன்னு கலந்து, அந்த சூட்டுக்கு தாங்குற மாடா அளந்து அளந்து உருவாக்குனது. 1964ல சங்கம் வந்துச்சு, பதிவு எடுக்குறது கட்டாயம், அதோட ஆள் வந்து கண்ணால பாத்தும் பாஸ் பண்ணணும். எண்ணு, கண்ணு ரெண்டும் ஒரே கதவுல நிக்குது. ஷோவா தராசான்னு அடிச்சுக்குறவங்க இதை ஒரு தடவை பாக்கணும்.

பிராண்ட் விஷயத்துக்கு வருவோம். 1978ல அமெரிக்க ஆங்கஸ் சங்கம் சர்ட்டிஃபைடு ஆங்கஸ் பீஃப் ஆரம்பிச்சு, மார்பிளிங் மாதிரி தரம் தேறுன கறிக்கு மட்டும் முத்திரை குடுத்துச்சு. மார்க்கெட்டிங்ல இதுக்கு ஈடே இல்ல. கறி வாங்குறவங்களுக்கு இனத்தோட பேர் தெரிஞ்சதும் ஆங்கஸ் காளைக்கு டிமாண்ட் எகிறிடுச்சு. ஷோ நூறு நடத்துனாலும் இது நடக்காது. ஆனா உள்ள நுழையுறதுக்கு முதல் நிபந்தனை வம்சாவளி கிடையாது, தோல் பாதிக்கு மேல கருப்பா இருக்கணும், அவ்வளவுதான். அப்புறம் சிமெண்டால், லிமோசின்னு மத்த இனத்து ஆளுங்கள்லாம் ஆங்கஸ் ரத்தம் கலந்து தங்களோட மாட்டை கருப்பா மாத்திட்டாங்க. செவப்பும் வெள்ளையுமா இருந்த இனம், பொன் செவப்பா இருந்த இனம் எல்லாம் கருப்பு. அடுத்தவன் இனத்தோட நிறத்தையே மாத்துற அளவுக்கு பலம்னா அது வெற்றிதான், மறைஞ்சு போறது தோலுக்கு அடியில என்ன ரத்தம்ங்கறது. சின்ன சங்கத்துக்கு இதுல இன்னொரு சிக்கல், வாரா வாரம் ஒரே தரத்துல சரக்கு குடுக்கணும். அவ்வளவு மாடு இல்லாம பிராண்ட் ஆரம்பிச்சா முதல் சீசன்லயே பேர் கெட்டுடும்.

ஹெர்ட் புக் சண்டையை சுருக்கமா முடிச்சுடலாம். வெளி ரத்தமே சேக்காத மூடுன புத்தகம் சுத்தமா தெரியும், ஆனா எண்ணிக்கை ஏமாத்தும். 1000 பசுவும் 10 காளையும் இருக்குற இனத்துல, காளை கம்மிங்கறதால, மரபு அகலம் ஏறக்குறைய 40 மாடு அளவுதான், குறைஞ்சது 50 வேணும்ங்கறது உலக உணவு வேளாண் அமைப்போட வழிகாட்டல். ரத்தம் பத்தலைன்னா வெளி காளையை ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டு பேப்பர்ல வேற அப்பன் பேர் எழுதுறதும் நடக்கும். தொறந்த புத்தகத்துல கலப்பு பசுவையும் சேத்து, ஒவ்வொரு தலைமுறையும் இனக் காளையோட சேத்து, இனத்தோட பங்கை பாதி, முக்கால், 7/8னு படியேத்தலாம், 1968ல ஆரம்பிச்ச அமெரிக்க சிமெண்டால் சங்கம் இப்படித்தான் வேகமா வளந்துச்சு. கிடாரி ரெண்டு வயசுல ஈனுற கணக்குல பாத்தா 7/8 கன்னு வர அஞ்சு வருஷம் கிட்ட ஆகும், பெரிய காலம் இல்ல. மாடு கம்மியா இருக்குற இனத்துக்கு நான் தொறந்த புத்தகம்தான் சொல்லுவேன், ஒவ்வொரு மாட்டுக்கும் எத்தனை பங்குன்னு பேப்பர்ல பளிச்சுன்னு இருந்தா போதும்.

அப்ப எதுல காசு போடுறது? முதல் செலவு பதிவுக்கு, அதுவும் பசு கணக்குல ஃபீஸ் வச்சு. விக்குற ஒவ்வொரு காளைக்கும் அப்பன் யாருன்னு டிஎன்ஏ சரிபார்ப்பு, விந்து டெஸ்ட் ரெண்டும் கட்டாயம், எவல்ஸ் மாதிரி ஏமாற வேண்டாம். குறையோட பொறந்த கன்னைப் பத்தி தகவல் குடுத்தவரோட பேரை வெளிய விடாம, காளையோட பேரை மட்டும் வெளியிடணும், இல்லைன்னா யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. பிராண்ட் எல்லாத்துக்கும் கடைசி, சரக்கு சேந்த பிறகு, தோல் நிறத்தை வச்சு இல்லாம பதிவு செஞ்ச அப்பன் காளையை வச்சு. ஷோவை நிறுத்த வேண்டாம், ஆனா ரிங்குக்குள்ள வர்ற காளையோட கழுத்துல அதோட எண்ணு எல்லாம் எழுதுன அட்டை தொங்கணும், பசுவா இருந்தா அந்த வருஷத்து கன்னு கூடவே நடந்து வரணும், கன்னு இல்லாத பசுவுக்கு என்ட்ரி கிடையாது.