மாடிக்கு வைஃபை: ரிப்பீட்டரா, ஆக்சஸ் பாயின்ட்டா?

கீழே ரவுட்டர், மாடியில் சிக்னல் இல்லை. கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில் இது வழக்கம்தான். இதற்கு இரண்டு வழி: ரவுட்டரின் சிக்னலைக் காற்றிலேயே வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், அல்லது ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்.

செலவு: ரிப்பீட்டர் ஒன்றை வாங்கினால் போதும். ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேபிள் இழுக்கும் கூலியும் சேரும். ஆனால் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரையே அதற்குப் பயன்படுத்தலாம்.

வேகம்: ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆக்சஸ் பாயின்ட்டில் அந்த இழப்பு இல்லை.

அமைப்பது: ரவுட்டரிலும் ரிப்பீட்டரிலும் டபிள்யூபிஎஸ் பொத்தானை (கடவுச்சொல் அடிக்காமலே இணைப்பது) அழுத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. சிக்னல் செத்த அறையில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள். பழைய ரவுட்டருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கீழே உள்ள ரவுட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். அப்புறம் இதில் டிஎச்சிபியை (போன், கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். மறந்தால் இரண்டும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, இணையம் வந்து வந்து போகும். கேபிளை வான் (WAN, வெளி இணையத்துக்கானது) துளையில் அல்ல, லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கானது) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதே இருக்கட்டும். சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசைப் பிரிவு) மட்டும் வேறாக வேண்டும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் ரிப்பீட்டர் சரி. சொந்த வீடு, மாடியில் ஆன்லைன் வகுப்பும் வீடியோ காலும் உண்டு என்றால் தயங்காமல் கேபிள் இழுங்கள்.