ஓஆர்எம்மா, கையால் எழுதிய எஸ்கியூஎல்லா? மண்டபத்து மீன் கணக்கில் எது எங்கே ஒழுகியது

மாமா ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் மீன் வியாபாரி. படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருப்பார். படகு கரைக்கு வந்ததும் எடை போட்டு, டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்ததைக் கழித்து மீதியைக் கையில் கொடுப்பார். எல்லாம் நீள நோட்டில்தான். "மாப்ள, இதை போன்ல பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடு" என்று ஒருநாள் கேட்டார். சென்னையில் வேலை, கையில் நேரம் கொஞ்சம், சரி என்றேன்.

முன்னால் மூன்று வழி இருந்தது. எக்செல் மாதிரி ஒரு ஷீட்டிலேயே கணக்கு எழுதுவது ஒன்று. இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில், டேட்டாபேஸோடு நமக்காகப் பேசும் ஓஆர்எம்மை நம்பிச் செயலி எழுதுவது இன்னொன்று. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை வரிக்கு வரி நானே எழுதுவது மூன்றாவது. 'அடியில் என்ன நடக்கிறது என்று நீ கவலைப்பட வேண்டாம்' என்றுதான் மூன்றும் சொல்கின்றன. மூன்றும் ஒழுகின, மூடி வைத்தது வெளியே வந்துவிட்டது. ஆனால் ஒழுகிய விதம் வேறு வேறு. எதை எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

ஷீட்டை முதல் வாரத்திலேயே கைவிட்டோம். கம்பெனிக்குப் போகும் இறாலை 8/12, 13/15, 16/20 என்று, எடைக்கு எத்தனை இறால் என்று கவுண்ட் போட்டுப் பிரிப்பார்கள். 8/12 என்று அடித்ததை ஷீட் டிசம்பர் 8 ஆக்கிவிட்டது. 13/15ஐத் தொடவில்லை, ஏனென்றால் 15ஆம் மாதம் என்று ஒன்று கிடையாதே. பெரிய இறாலின் கணக்கு மட்டும் காணாமல் போக, மாமா கணக்கு அடித்த பையனைத் திட்டினார். இதே கோளாறால் 2020இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. இறால் எம்மாத்திரம்!

அடுத்தது ஓஆர்எம். டேபிள்களை நிரலின் பொருள்களாகக் காட்டும் இடைத்தளம் இது. வரவு, அதன் படகு, அந்தப் படகின் உரிமையாளர் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவே புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். தேடி எடுத்துக் கொடுப்பது அதன் பாடு. எழுத அவ்வளவு சுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அந்த ஓய்வில் செய்து முடித்தேன். சோதனைக்கு ஐந்து நாட்டுப்படகின் வரவை ஏற்றிப் பார்த்தோம். பட்டென்று திறந்தது. மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

தடை முடிந்து விசைப்படகுகள் திரும்பிய முதல் விடியலில் போன் வந்தது. "சுத்திக்கிட்டே இருக்கு மாப்ள." பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம். பட்டியலில் 200 வரவு ஏறியிருந்தது. ஓஆர்எம் முதலில் ஒரு கேள்வி கேட்டு 200 வரிசையை எடுத்தது. பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் படகு யாருடையது என்று ஒரு கேள்வி, முன்பணம் எவ்வளவு என்று இன்னொரு கேள்வி. ஆக மொத்தம் 401. சர்வர் மும்பையில் இருக்க, டேட்டாபேஸை இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிங்கப்பூரில் வைத்திருந்தேன். ஒருமுறை போய்வர 60 மில்லிநொடி என்றால் 401 முறைக்கு 24 நொடி. நிரலில் நான் வைத்த ஒவ்வொரு புள்ளியும் கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறது. புள்ளியைப் பார்த்தால் அது தெரியுமா?

இரண்டே வரியில் சரிசெய்தேன். தொடர்புள்ளதை முன்கூட்டியே மொத்தமாக எடுத்துவர செலக்ட்_ரிலேட்டட், பிரீஃபெட்ச்_ரிலேட்டட் என்று ஜாங்கோவிலேயே வழி இருக்கிறது. 401 என்பது 2 ஆனது. ஆனால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரிய, டேபிள்களை இணைத்துக் கேட்கும் ஜாயின் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஓஆர்எம் எதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றதோ, கடைசியில் அதையே கேட்டது.

கோபத்தில் அறிக்கைப் பக்கங்களை முழுக்க எஸ்கியூஎல்லில் எழுதினேன். இனி எல்லாம் என் கண்முன்னால் என்று நினைப்பு. அன்றைய மொத்தத்துக்கு, வரவு நேரத்தின் தேதி இன்றைய தேதியா என்று கேட்டு ஒரே வரி. இரண்டு நாளில் மாமா கேட்டார்: "நேத்து கணக்கு ஏன் கூடிக்கிட்டே இருக்கு?"

ஜாங்கோ நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. என் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸோடு பேசும்போதும் யூடிசிதான். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், காலை 5:30க்கு முன் நடப்பதெல்லாம் அங்கே முந்தைய நாள். விடியற்காலை 4:10க்கு எடை போட்ட கணவாய் முந்தின இரவு 10:40 கணக்கில் போய் உட்கார்ந்தது. பகலில் வேலை நடக்கும் ஜவுளிக்கடைக்கு இதை எழுதியிருந்தால் வருடக்கணக்கில் வெளியே வந்திருக்காது. மீன் வியாபாரமே அந்த நேரத்தில்தானே நடக்கிறது!

இந்த இடத்தில் ஓஆர்எம் ஜெயித்தது என்பதையும் சொல்ல வேண்டும். நேர மண்டலத்தைச் சரியாகக் குறித்திருந்தால், தேதியைக் கேட்கும்போது அதுவே இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். நான் கண்டுகொள்ளாமல் விட்டதை அது கவனித்திருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. நேரத்தை மாற்றித் தேதியைப் பிரித்தபின் ஒப்பிடுவதால், டேபிளின் அந்தப் பத்தியில் வேகமாகத் தேடுவதற்கென்று போட்ட இன்டெக்ஸ் உதவாது. லட்சம் வரிசை தாண்டினால்தான் அது உறைக்கும். இன்று நள்ளிரவு முதல் நாளை நள்ளிரவுக்குள் என்று நம் நேரத்தில் வரம்பு வைத்துக் கேட்டால் கணக்கும் சரி, இன்டெக்ஸும் வேலை செய்யும். எஸ்கியூஎல்லும் ஒரு மூடிதான். எதைக் கேட்கிறோம் என்பது தெரியும், அதை எப்படித் தேடுகிறது என்பது எக்ஸ்பிளெயின் என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஓஆர்எம், எஸ்கியூஎல் இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்தது தொண்டி என்ற ஊர்ப்பெயர். தொண்டிப் படகுகளைத் தேடினால் பாதிதான் வருகிறது. பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றியபோது 'தொ'வின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக விழுந்திருக்கின்றன. போனில் அடிக்கும் 'தொ'வில் இரண்டும் சேர்ந்து ஒரே குறி. கண்ணுக்கு இரண்டும் மூன்றெழுத்துத் தொண்டிதான். கணினிக்கு ஒன்று ஏழு குறி, மற்றது ஆறு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரியைச் சேர்த்த பிறகுதான் முழுத் தொண்டியும் வந்தது.

ஓலைக்கூரையில் சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு. என் அனுபவத்தில் ஓஆர்எம் ஒழுகினால் பக்கம் மெதுவாகும், ஆனால் கணக்கு தப்பவில்லை. நான் எழுதிய எஸ்கியூஎல் வேகமாக வந்து தப்பாகச் சொன்னது. ஷீட் தப்பு செய்ததே தெரியவில்லை. பணம் புழங்கும் இடத்தில் மெதுவாவதை மன்னிக்கலாம். அதனால் வரவு பதிவதும் திருத்துவதும் ஓஆர்எம்மில். மாத அறிக்கை நாலைந்து மட்டும் எஸ்கியூஎல்லில். ஒவ்வொன்றையும் விடியல் 4 மணி வரவு ஒன்றை வைத்துச் சோதித்த பிறகுதான் ஏற்றுவேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எத்தனை கேள்வி போனது என்று சின்னதாக ஓர் எண் வைத்திருக்கிறேன். எனக்காக வைத்ததுதான். போன வாரம் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்துவிட்டுத் தூங்கப் போனேன். நாலரைக்கு போன்.

"கீழ எப்பவும் ரெண்டுதானே காட்டும் மாப்ள, இன்னைக்கு என்ன நூத்திப் பதினாலு?"