கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான்: பிடிக்க முன் கேட்க வேண்டியவை

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 370 கிலோமீற்றர். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி என்று போகிற வழியில் சாப்பாடு, தேத்தண்ணி நிறுத்தங்களோடு 7 முதல் 8 மணித்தியாலம் பிடிக்கும். கோடை விடுமுறைக்கு லண்டன், பாரிஸ், ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்தத் தூரத்தை வானில்தான் போகின்றன. யாழ்தேவி இருக்கிறது, இரவு பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் எட்டுப் பெட்டியையும் நித்திரை குழம்பிய பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கோட்டை ரயில் நிலையம்வரை போக யாருக்கும் மனம் வராது. அதனால் ஊரில் தெரிந்த ஒருவருக்கு "ஒரு வான் பிடிச்சு விடுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, எவ்வளவு காசு என்று மட்டும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறோம். காசுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தச் சாரதி எங்கே, எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டு உங்களை ஏற்றப் போகிறார்?

வான் எப்படி வருகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்து வான் என்றால் சாரதி காலையில் வெளிக்கிட்டு எட்டு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு பின்னேரம் வந்து சேர்கிறார். விமானம் நள்ளிரவில் இறங்கும். குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து நீங்கள் வெளியே வர இரண்டு மணியாகும். அந்த இடைவெளியில் அவர் வாகனத் தரிப்பிடத்தில் சீற்றைச் சாய்த்துவிட்டு, நுளம்புக் கடிக்குள் கண்ணை மூடிக் கிடந்திருப்பார். பிறகு உடனே திரும்ப எட்டு மணித்தியாலம். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் பதினாறு மணித்தியாலம் ஸ்டியரிங் பிடிக்கிற மனிதருக்கு எந்த அனுபவமும் கைகொடுக்காது. உடம்பு மிகவும் சோர்கிற நேரம் அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில். இரண்டு மணிக்கு வெளிக்கிட்ட வான் அந்த நேரத்தில் சிலாபம், புத்தளம் தாண்டி அநுராதபுர வீதியில் ஓடிக்கொண்டிருக்கும். நேரான பாதை, தெருவிளக்கு இல்லை, எதிரே வாகனமும் குறைவு. புத்தளத்துக்கு அப்பால் கருவலகஸ்வெவ, நொச்சியாகமப் பக்கம் யானை வீதியைக் கடக்கிற இடங்கள். முன் சீற்றில் இருக்க வேண்டியவரும் பயணக் களைப்பில் அயர்ந்திருப்பார். விமான நிலையத்திலிருந்து வந்த வான் நின்ற லொறியின் பின்னால் மோதியது, மரத்தில் மோதியது என்ற செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் வராத ஆண்டு இல்லை. அந்தச் செய்திகளில் பல விடியப்புறத்தில் நடந்தவை என்பதைக் கவனித்தால் காரணம் தானாகப் புரியும்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. பதிவு செய்யும்போதே, "தம்பி, அங்க வந்து எங்க படுக்கப் போறீங்கள்? அறைக் காசு நாங்கள் தாறம், பின்னேரம் ஆறு மணிக்குள்ள வந்து படுத்திடுங்கோ" என்று சொல்லிவிடலாம். கட்டுநாயக்கா, சீதுவ, நீர்கொழும்பு எங்கும் சாதாரண அறைகள் உண்டு. முழு வாடகையோடு பார்த்தால் அது சிறு காசு. சாரதி வேறு, வானின் சொந்தக்காரர் வேறு என்றால் இதைச் சாரதியோடு நேரே கதைக்க வேண்டும். சொந்தக்காரர் கையில் கொடுத்த அறைக் காசு சாரதிவரை போய்ச் சேரும் என்று நம்பியிருக்கக் கூடாது. இரண்டு சாரதிகள் வருகிற ஏற்பாடும் உண்டு. ஆனால் இரண்டாமவர் உண்மையில் வாகனம் ஓட்டுகிறவரா, துணைக்கு வருகிற நண்பரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இரவு ஒன்பதுக்குப் பிறகு இறங்கும் விமானமென்றால் அன்றிரவே யாழ்ப்பாணம் போக வேண்டாம். விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு அரை மணித்தியாலத்துக்குள். அங்கே ஒரு இரவு படுத்து, குளித்து, காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம். சாரதியும் நித்திரை கொண்டிருப்பார், பிள்ளைகளும் சத்தி எடுக்காமல் வருவார்கள். வீட்டில் "ஏன் வீண் காசு, நேரே வாங்கோவன்" என்பார்கள். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாடகை எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்தால் பேரம் பேசுவது சுலபம். யாழ்ப்பாணத்து வான் வெறுமையாக வந்து உங்களோடு திரும்பும். நீர்கொழும்பு வான் உங்களோடு வந்து வெறுமையாகத் திரும்பும். எப்படியும் போகவர 740 கிலோமீற்றருக்கு நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். கே.டி.எச். (டொயோட்டா ஹைஏஸ்) வான் ஏ.சி. போட்டுக்கொண்டு ஒரு லீற்றர் டீசலுக்கு ஒன்பது, பத்துக் கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் 74 முதல் 82 லீற்றர் வரும். அன்றைய டீசல் விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் இருப்பது சாரதியின் பட்டா (படிக் காசு), வானின் தேய்மானம், லீசிங் காசு, இலாபம். டீசல் செலவுக்குச் சற்று மேலே யாராவது விலை சொன்னால் மகிழ வேண்டாம். அந்தக் குறைவு சாரதியின் ஓய்விலிருந்தோ தேய்ந்த ரயரிலிருந்தோதான் வருகிறது. அல்லது வழியில் வேறு ஆட்களையும் ஏற்றுவார்கள்.

சொன்ன தொகைக்குள் எதெது அடக்கம் என்பதை எழுத்தில் வாங்கிவையுங்கள்: வாகனத் தரிப்புக் காசு, காத்திருப்பு, சாரதியின் சாப்பாடு, இரவுக் கட்டணம், ஹைவே காசு. இந்த ஹைவே காசில் ஒரு விளக்கம் வேண்டும். புத்தளம் வழியாகப் போனால் விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம்வரை கட்டணம் அறவிடும் அதிவேகப் பாதை எதுவும் இல்லை. கொழும்பு–கட்டுநாயக்கா அதிவேகப் பாதை எதிர்த் திசையில் கொழும்புக்குப் போகிறது; வெள்ளவத்தைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது. மீரிகமவிலிருந்து குருநாகலுக்கு 2022 ஜனவரியில் திறந்த பாதையால் போனால் மட்டும் அங்கே காசு கட்ட வேண்டும். ஆகவே புத்தளம் வழி என்று பேசிவிட்டு ஹைவே காசு கேட்டால் எந்த ஹைவே என்று கேளுங்கள்.

காத்திருப்பை விமானம் இறங்கிய நேரத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள், அட்டவணை நேரத்திலிருந்து அல்ல. இறங்கி வெளியே வர ஒன்றரை மணித்தியாலம் சாதாரணம். இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்தால் பெட்டிக்கே ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டிவரும். விமானம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் எவ்வளவு கூடும், விமானமே நின்றுபோனால் முற்பணத்துக்கு என்ன நடக்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது.

அடிக்கடி பிழைப்பது திகதி. லண்டனில் 14ஆம் திகதி இரவு ஏறுகிறவர் 15ஆம் திகதி இறங்குவார். ஆனால் ரிக்கெற்றின் முதல் வரியில் இருப்பது 14; அதைப் படம் எடுத்து அனுப்பினால் வானும் 14ஆம் திகதியே வந்து நிற்கும். நள்ளிரவு கடந்து இறங்கும் விமானம் இதைவிடச் சிக்கல். 15ஆம் திகதி 12.40 என்றால் சிலர் 15ஆம் திகதி மத்தியானம் என்றும், சிலர் 15ஆம் திகதி இரவு என்றும் எடுப்பார்கள். "14 வியாழன் இரவு விடிந்தால் 15 வெள்ளி, அதிகாலை 12.40" என்று கிழமையோடு எழுதுங்கள். அனுப்பும் செய்தி இப்படி இருந்தால் போதும்:

"15 வெள்ளி பகல், விமானம் யூ.எல். 504, லண்டனிலிருந்து. பெரியவர்கள் 3, பிள்ளை 1, வயது 5. பெரிய பெட்டி 8, கைப்பெட்டி 4. போகும் இடம் சாவகச்சேரி, கச்சாய் வீதி. ஊரிலிருந்து எங்கட ஆட்கள் ஒருவரும் வானில் வரமாட்டினம். புத்தளம் பாதை. சாரதியின் பெயர், வான் இலக்கம், வானின் படம் முதல் நாள் அனுப்பவும்."

ஊரிலிருந்து ஆட்கள் வருவதில்லை என்ற வரி முக்கியம். கூட்டிக்கொண்டு போக என்று மாமா, சித்தி, அவர்களின் பிள்ளைகள் என நாலு பேர் ஏறி வந்தால் பெட்டி வைக்க இடமிராது. அன்பினால்தான் வருகிறார்கள், அதை வேண்டாம் என்று சொல்வது கடினம். யாராவது வரத்தான் வேண்டும் என்றால் ஒருவர் வரட்டும். சாரதியோடு கதைத்துக்கொண்டு முன் சீற்றில் விழித்திருக்கக் கூடியவராக இருக்கட்டும்.

ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு என்றால் நாலு பேருக்கு எட்டு. கே.டி.எச். வானில் எல்லாச் சீற்றும் நிமிர்ந்திருந்தால் கடைசி வரிசைக்குப் பின்னால் அவ்வளவும் கொள்ளாது. கடைசி வரிசையை மடிக்கவோ கழற்றவோ வேண்டும். அதை யாழ்ப்பாணத்திலேயே செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். பழைய டொல்பின் வானில் மேலே கரியரில் கட்டுவார்கள். மழைக் காலத்தில் படங்கு இருக்கிறதா என்று கேளுங்கள். தனி ஆளாக, ஒரு பெட்டியோடு வருகிறவருக்கு முழு வான் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கும் விமான நிலையத்துக்கும் சீற் கணக்கில் ஓடும் வான்கள் இருக்கின்றன. என்ன, மற்றவர்களின் விமானத்துக்காகவும் நீங்கள் காத்திருக்க வேண்டும்.

பின் சீற் பெல்ட்டைக் கேட்காமல் விடாதீர்கள். பல வான்களில் பெல்ட் இருக்கும், ஆனால் அழகுக்குப் போட்ட சீற் கவருக்குள் அதன் கொளுவி புதைந்து கிடக்கும். ஏறுகிற நேரத்தில் இருட்டில் அதைத் தோண்டி எடுக்க முடியாது. "பின் சீற் பெல்ட் எல்லாத்தையும் வெளியில எடுத்து விட்டு ஒரு படம் அனுப்புங்கோ" என்று முன்கூட்டியே சொல்லலாம். பிள்ளைக்கான இருக்கை வானோடு வருவது அரிது. சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். நடுச் சீற்றுகளில் இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள வான்கள் உண்டு. பிள்ளையை உயர்த்தி இருத்தும் இருக்கையை (பூஸ்டர் சீற்) அதில் பாவிக்கக் கூடாது. அதற்குத் தோளுக்கும் குறுக்கே வருகிற பெல்ட் வேண்டும். எந்தச் சீற்றில் அது இருக்கிறது என்று கேட்டு அங்கே பிள்ளையை இருத்துங்கள். வானின் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கு எடுத்ததா, சொந்தப் பாவனைக்கு எடுத்ததா என்பதையும் கேளுங்கள். அநேகர் கேட்பதில்லை. விபத்தென்று வந்தால் முதலில் எழும் கேள்வி அதுதான்.

பேசிய ஆள் வேறொருவருக்கு ஓட்டத்தைக் கைமாற்றிவிடுவது இந்தத் தொழிலில் வழமை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அதற்கு முன்னுள்ள கிழமைகளும் வான் தட்டுப்பாடு, அப்போது இன்னும் கூட. அதில் தவறென்று இல்லை, யார் வருகிறார் என்பது முதல் நாளே தெரிந்திருந்தால் சரி. ஜூலை, ஓகஸ்டுக்கு ஒரு மாதம் முன்னரே பேசிவிடுங்கள்.

வந்திறங்கியதும் சுங்கம் தாண்டி வருகைக் கூடத்தில் வங்கிக் கவுண்டர்களும் தொலைபேசிச் சிம் கவுண்டர்களும் இருக்கின்றன. காசை அங்கேயே மாற்றி வாடகையை ரூபாவில் கொடுங்கள். பவுண்ஸ், யூரோவில் கொடுத்தால் வானில் சொல்லும் மாற்று விகிதம்தான் விகிதம். சாரதியின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வைத்திருங்கள். போனில் சார்ஜ் இறங்குவது இப்படியான நேரத்தில்தான். வரவேற்க வருகிறவர்களை எதுவரை விடுவார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே "உள்ளே நிற்பேன்" என்பதை நம்பாமல், வெளியே எந்த இடம் என்று சாரதியிடமிருந்து ஒரு படம் வாங்கிவிடுங்கள். "உங்கட வான் வரேல்லை, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று யாராவது வந்து சொன்னால், உங்கள் கையிலிருக்கும் பெயரையும் வான் இலக்கத்தையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

வழியில் வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கார், வானுக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பது சட்டம். 70இலேயே ஓரிடமும் நிற்காமல் ஓடினாலும் 370 கிலோமீற்றருக்கு 5 மணித்தியாலம் 17 நிமிடம். "ஐந்து மணித்தியாலத்தில கொண்டுபோய் விடுவன்" என்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள்: சிலாபம் அல்லது புத்தளம், பிறகு அநுராதபுரம், வவுனியா. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எந்தச் சாரதியும் சொல்லாமலே நிற்பார்; தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறலாம். முன்னேஸ்வரம் போக வேண்டுமென்றால் சிலாபத்தில் திரும்ப வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், நடுவழியில் சொன்னால் தனிக் காசாகும். மன்னாருக்குப் போகிறவர்கள் மதவாச்சியில் பிரிகிறார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாண விலை பேசக் கூடாது.

திரும்பும் பயணத்தில் நேரக் கணக்கு வேறு. விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும், ஓட்டம் எட்டு, ரயர் காற்றுப் போனால் என்று இன்னும் இரண்டு. இரவு பத்து மணி விமானத்துக்குக் காலை ஒன்பதுக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவது அதிகம் இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரிவரை மாரி மழை. அப்போது முதல் நாளே போய் நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். புத்தளம்–அநுராதபுர வீதியில் கலா ஓயா பெருகினால் பாதை மூடப்படும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பயணிகளோடு ஒரு பஸ் அந்த வெள்ளத்துக்குள்தான் அகப்பட்டது. வெளிக்கிடும் காலையில் கலா ஓயாவில் தண்ணீர் எப்படி என்று சாரதியை எதிரே வருகிற பஸ்காரர்களிடம் போனில் கேட்கச் சொல்லுங்கள். சந்தேகமென்றால் தம்புள்ளை, குருநாகல் பக்கம் பாதை எப்படி என்றும் சேர்த்துக் கேட்டுவிட்டு அந்த வழியால் போகலாம்.