பனையோலையா, தகரமா?

திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் மாட்டுத் தொழுவுக்கு ஓலை வேய்வதா, தகரம் போடுவதா என்று கேட்டால், வெப்பத்தைப் பொறுத்தவரை ஓலைக்குப் போட்டியே கிடையாது.

தகரம் என்பது இரும்புத் தகடுதான். இரும்பின் வெப்பக் கடத்துத்திறன், மீட்டர்-கெல்வினுக்கு 50 வாட்டுக்குக் குறையாது. அசையாத காற்றுக்கோ சுமார் 0.026 தான். ஓலை அடுக்குகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடப்பது இந்தக் காற்று. கம்பளி செய்கிற அதே வேலையைச் செய்கிறது. தகரத்தில் மேலே ஏறிய சூடு சட்டென்று அடிப்பக்கம் வந்துவிடும். அப்புறம் நடப்பதுதான் கொடுமை. சூடேறிய தகடு அகச்சிவப்புக் கதிர்களைக் கீழே வீசும். அந்தக் கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்துக் கூடும். நிழலில் நின்றும் மாட்டுக்கு முதுகு காய்வது இதனால்தான். மின்விசிறி காற்றை நகர்த்தும், கதிரை நிறுத்தாது.

பொழுது சாய்ந்தால் தகரம் சீக்கிரம் ஆறிவிடும், அது ஒன்றுதான் அதன் பக்கம். தீப்பிடிக்காது, அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பதெல்லாம் வேறு கணக்கு.

சரி, தகரம்தான் என்று முடிவாகிவிட்டதா? மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓலைத்தட்டி கட்டுங்கள்.