அரங்கத்தைப் பூட்டாமல் வெந்நீர்: ஊட்டிக்கு எந்தக் கொட்டேஷன்?

ஊட்டியில் ஒரு கல்லூரி. உள்விளையாட்டரங்கத்தை ஒட்டி ஜிம்மும் பத்துக் குளியலறைகளும் புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்காக அரங்கத்தைப் பூட்ட முடியாது. காலை ஆறரைக்கு ஷட்டில், சாயங்காலம் கபடி, எல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டும். குளியலறைகளுக்கு வெந்நீர் தரும் மெக்கானிக்கல் வேலைக்கு வந்த மூன்று கொட்டேஷனையும் உடற்கல்வி இயக்குநர் என் முன்னால் வைத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார்.

முதலில் ஒரு கணக்கு. இங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் லிட்டரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக 50 யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் என்றால் அந்த 50-ம் அப்படியே மின்கட்டணத்தில் ஏறும்.

முதல் ஆள், பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வைக்கலாம் என்கிறார். மூன்றில் விலை குறைந்தது இதுதான். ஆயிரம் லிட்டருக்கு ஐந்து கிலோ கேஸ் போகும். 19 கிலோ சிலிண்டர் நாலாயிரம் லிட்டரைத் தாண்டாது. அதுகூடப் பரவாயில்லை. ஊட்டி 7,300 அடி உயரம். காற்று மெலிசு என்பதால் சாதாரண பர்னரில் ஆயிரம் அடிக்கு 4 சதவீதம் வீதம் திறனைக் கழிப்பது தொழிலில் வழக்கம். கேட்டலாக்கில் 100 கிலோவாட் என்று போட்டிருந்தால் இங்கே கைக்கு வருவது எழுபது சொச்சம். கொட்டேஷனில் அந்தக் கழிவே இல்லை. கோயமுத்தூரில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இரண்டாவது, ஹீட் பம்ப். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம். ஒரு யூனிட் கரண்ட் தின்றுவிட்டு மூன்று யூனிட் வெப்பம் தரும், ஆனால் காற்றில் சூடு இருந்தால்தான். ஜனவரி விடியலில் ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில், காற்றின் சூட்டை உறிஞ்சும் அதன் காயிலிலும் (குழாய்ச் சுருள்) பனி கட்டும். பனியை உருக்க நடுநடுவே தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். பையன்கள் குளிக்க வருவதும் அதே நேரம்தான். இதைச் சொல்லி ஹீட் பம்ப் மலைக்கு ஆகாது என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெயிலில் ஓடவிட்டு, நல்ல இன்சுலேஷன் போட்ட டேங்கில் சேர்த்து வைத்தால், காலையில் எந்திரம் தூங்கினாலும் தண்ணீர் சுடும். ஆக, பார்க்க வேண்டியது டேங்கின் அளவு. இவர் கொடுத்திருப்பது ஆயிரம் லிட்டர். மூவாயிரமாவது வேண்டும்.

மூன்றாவது சோலார். உறைபனி விழும் மாதங்களில் பகல் வானம் தெளிவாக இருக்கும், அப்போது நன்றாகவே வேலை செய்யும். ஜூன் பிறந்தால் மழையும் மேகமும் மூடிக்கொள்ளும், ஐப்பசியில் மறுபடியும். தட்டைப் பேனல் என்றால் பனி இரவில் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் தாங்கும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப முடியாது.

விலைப்பட்டியலில் தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு. முதல் ஆள் பழைய மெயின் லைனை அறுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். "மூணே நாள்" என்கிறார். இரண்டு வருடம் முன்னால் வேறொரு விடுதியில் இதே மூணு நாளை நம்பினேன். பழைய கேட் வால்வை மூடினால் தண்ணீர் நிற்கவில்லை. துருப்பிடித்து உட்தட்டே கழன்றிருந்தது. வெள்ளிக்கிழமை நின்ற வெந்நீர் புதன்கிழமைதான் வந்தது. அதுவரை பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஹீட் பம்ப்காரர் புதுக் கட்டடத்துக்குத் தனி லைன் போட்டு ஓட்டிக் காட்டிய பிறகு, விடுமுறையில் பழைய லைனோடு இணைக்கிறேன் என்கிறார். அதுவரை பழைய பாய்லர் இருக்கும் இடத்திலேயே இருக்கும். விலை அதிகம்தான். ஆனால் உள்ளே ஆள் நடமாடும் கட்டடத்தில் நான் இதற்குத்தான் கையெழுத்துப் போடச் சொல்வேன்.

அவரிடம் இரண்டு திருத்தம் கேட்டிருக்கிறோம். டேங்க் மூவாயிரம் லிட்டராக வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் அது மலை ஏறிவிட வேண்டும். ஏப்ரல், மே சீசன் நெரிசலில் குன்னூர் ரோட்டில் அவ்வளவு பெரிய டேங்கோடு லாரி வந்து சேர்வதற்குள் விடுமுறை பாதி கரைந்துவிடும். டேங்குக்கு மட்டும் புது விலை கேட்டுவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.