வெர்னியர் வைத்துப் பார்த்த லேப் ஸ்டீல்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எந்தச் சாமான் வந்து இறங்கினாலும் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். ஆன்லைனில் வாங்கிய ஆறு கம்பி லேப் ஸ்டீல் கிட்டாருக்கும் அதே கதிதான். கூரியரோடு சேர்த்து 11,400 ரூபாய். குறை சொல்லப் போகிறேன், அதனால் கம்பெனி பெயர் வேண்டாம்.

பெட்டியைப் பிரித்ததும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, இஸ்திரி போடற பலகைக்கா இத்தனை ரூவா?" பார்க்க அப்படித்தான் இருக்கிறது. மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, இடது கையில் ஒரு இரும்பு உருளையைக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே வலது கையால் மீட்ட வேண்டும். எங்க மாமா மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்த ஹவாயன் கிட்டார் இதற்கு அண்ணன். ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பையன் 1889 வாக்கில் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். என் தொழில்காரர்களுக்குப் பிடிக்கிற சேதி வேறு. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கம்பெனியின் மின்சார லேப் ஸ்டீல் முழுக்க அலுமினிய வார்ப்பு. வட்ட உடம்பு, நீளக் கைப்பிடி. பிரையிங் பேன் என்றே பெயர் விழுந்துவிட்டது. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலையுமாம். வார்ப்படக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் முன்னாடியே சொல்லியிருப்பார்.

என்னுடையது மரம். கறுப்பு பாலிஷ், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. அது கிடக்கட்டும்.

சாதாரண கிட்டாரில் மலிவு பல்லிளிக்கிற இடம் ஃப்ரெட். இருபது சொச்சம் உலோகப் பட்டைகளையும் ஒரே மட்டத்தில் பதிக்க வேண்டும், கழுத்து வளையக் கூடாது, அதை நிமிர்த்திப் பிடிக்க உள்ளே ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி வேறு. லேப் ஸ்டீலில் அந்தத் தலைவலியே கிடையாது. ஃப்ரெட் என்பது வெறும் பெயின்ட் கோடு. கம்பி பலகையைத் தொடவே தொடாது. என்னுடையதில் 9 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஆகவே இந்த விலையில் கிட்டார் வாங்கி ஏமாறுவதைவிட லேப் ஸ்டீல் வாங்கி ஏமாறுவது கஷ்டம். கஷ்டம்தானே ஒழிய, முடியாதது இல்லை.

முதல் நாள் வாசித்தபோது மெல்லிசான கம்பி இரண்டும் ஜிர்ர் என்று அதிர்ந்தன. நட்டைப் பார்த்தேன். ("நட்" என்றதும் பட்டறைப் பையன் ஸ்பானர் எடுத்து வந்தான். தலைமாட்டில் கம்பி உட்காரும் கட்டைக்கும் அதுதான்டா பெயர்.) ஆறு காடியையும் ஒரே ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பிகள் ஒரே பருமன் இல்லையே! அடி மட்டமாக இருந்தால் தடித்த கம்பியின் தலை தூக்கிக்கொண்டு நிற்கும். வழுக்கும் உருளையோ நேரானது. அது தடித்த கம்பி மேல் உட்கார்ந்துவிட்டு மெல்லிசான கம்பியை அரைகுறையாகத் தொடும். எனக்கு வித்தியாசம் அரை மி.மீ.க்கு மேல். ஊசி அரத்தால் தடித்த கம்பிகளின் காடியை இறக்கி, மேலே ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்து ராவினேன். முக்கால் மணி நேரம். ஜிர் போயே போச்சு.

அடுத்து கோடுகள். இதன் கம்பி நீளம் இருபத்திரண்டரை அங்குலம், அதாவது 571.5 மி.மீ. பன்னிரண்டாவது கோடு சரிபாதியில், 285.75இல் இருக்க வேண்டும். கோடு சரியாகத்தான் இருந்தது. கம்பியின் மறுமுனை உட்காரும் கட்டையை, அதாவது பிரிட்ஜைத்தான், மூன்றரை மி.மீ. பின்னால் தள்ளி முடுக்கியிருந்தார்கள். கோட்டை நம்பி வாசித்தால் மேல் ஸட்ஜம் பத்து சென்ட் (ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள சுருதி இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு) இறங்கி நிற்கும். காது பழகியவர் கையைத் தானே நகர்த்திக்கொள்வார்; புதிதாகப் பழகுகிறவர் தன் காதைத்தான் சந்தேகப்படுவார். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய ஓட்டையில் பல்குத்தும் குச்சியும் பெவிகாலும் அடைத்து, இடம் மாற்றி முடுக்கினேன். விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

கூட வந்த உருளையைப் பற்றி என்ன சொல்ல. குரோம் பூசிய குழாய். 92 கிராம். எடை இல்லாவிட்டால் நாதம் நிற்காது, கை அழுத்தித் தொலைக்கும், அழுத்தினால் சுருதி ஏறும். பட்டறையில் கிடந்த 20 மி.மீ. எஸ்.எஸ். ராடில் 75 மி.மீ. வெட்டி, ஒரு முனையைத் தோட்டா மாதிரி உருட்டிக் கடைந்து, ஆயிரம் நம்பர் எமரி வரை தேய்த்து பஃப் போட்டேன். 180 கிராம். அதே கம்பி, அதே பெட்டி, வேறு வாத்தியம்! லேத் இல்லாதவர்கள் நல்ல உருளை ஒன்றுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். கிட்டாரின் விலையோடு அதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கம்பியும் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் செட்தான். அதில் ஓப்பன் டி என்ற சுருதி அமைப்பு வைக்கலாம்: ஸ ப ஸ க ப ஸ. சினிமாப் பாட்டுக்குத் தாராளம். ஹவாய்க்காரர்கள் கொண்டாடுகிற சி சிக்ஸ்த் சுருதி அமைப்பு வைக்க இந்தக் கம்பி ஆகாது, தடித்தவை ஏற்றும்போதே அறுந்துவிடும். அதற்கென்று 15 முதல் 36 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கம்பிப் பருமன்) தனி செட் வாங்க வேண்டும். வாங்கினேன். ஸ க ப த ஸ க. ரிஷபம் ஒன்று இருந்தால் மோகனம்! அந்த ரியைக் கோடு தள்ளி எடுத்துக்கொள்ளலாம். கோட்டுவாத்தியத்தில் கருங்காலி உருளை செய்கிற வேலையை இங்கே எஸ்.எஸ். செய்கிறது, கமகத்துக்கு வளைந்து கொடுப்பதில் என் கைதான் குறை, இரும்பு குறை இல்லை.

முடுக்காணிகள் பரவாயில்லை, ஒன்று மட்டும் லூஸ். டோன் குமிழ் சும்மா அலங்காரம். வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பாலிஷ் மடியிலிருந்து வழுக்குகிறது, அடியில் ஃபிரிட்ஜ் மேட் ஒரு துண்டு போட்டிருக்கிறேன்.

அரத்தைக் கையில் பிடிக்கத் தெரிந்தவர் வாங்கலாம். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக அப்படியே எடுத்துக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம், ஒரே வாரத்தில் பரண் ஏறிவிடும்.

சரிசெய்ய முடியாதது ஒன்றுதான். கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள், அதாவது சிங்கிள் காயில்; சுற்றியுள்ள மின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஓடினால் ஆம்ப்ளிஃபயரில் என் கிட்டாரைவிட அவர்கள் மிஷின்தான் சத்தமாகக் கேட்கிறது. ஏழு மணிக்கு அவர்கள் ஷட்டரை இறக்கின பிறகுதான் நான் பெட்டியைத் திறக்கிறேன்.