பழைய அம்பாசிடருக்குக் கூலன்ட் பாட்டில்: எதை மாட்டலாம்?

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடரில் பானட்டைத் திறந்தால், ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் தரையைப் பார்த்துத் தொங்கும். சூட்டில் விரியும் தண்ணீர் அதன் வழியே ரோட்டில் கொட்டும். வண்டி ஆறியதும் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். அந்தக் குழாயின் முனையில் ஒரு பாட்டில் வைக்கலாமா, வைத்தால் எது?

முதலில், ஒன்றுமே செய்யாமல் விடுவது. இது அவ்வளவு மட்டமான யோசனை இல்லை. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் சுமார் 4 சதவீதம் விரியும். 8 லிட்டர் பிடிக்கும் வண்டி என்றால் 300 மில்லிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு இடம் கொடுக்கத்தான் ரேடியேட்டரின் மேல் தொட்டியில் காலியிடம் விட்டிருக்கிறார்கள். உள்ளே ட்யூப்கள் மூழ்கி, கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நின்றால் போதும். நாம்தான் தளும்பத் தளும்ப ஊற்றுகிறோம், வண்டி துப்புகிறது, மறுநாள் மறுபடி ஊற்றுகிறோம். வெறும் தண்ணீர் என்றால் பரவாயில்லை. காசு கொடுத்து வாங்கிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) என்றால் வயிறு எரியும். அதில் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக வேறு இருக்கும். தெருநாய் நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, ஜூஸ் பாட்டிலைக் கம்பியால் கட்டிவிடுவது. தரை நனையாது, அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீர் பட்டால் அந்த பிளாஸ்டிக் சுருங்கியும் போகும்.

மூன்றாவது, காயலான் கடையில் மாருதி 800 பாட்டில் ஒன்றை வாங்கி முறையாகப் பொருத்துவது. நான் செய்தது இதுதான், ஆனால் முதல் தடவை கோட்டை விட்டேன். பாட்டில் நிறைந்துகொண்டே போனது, ரேடியேட்டரோ குறைந்துகொண்டே வந்தது. காரணம் ரேடியேட்டரின் பழைய மூடி. அதில் கீழ்ப்பக்கம் மட்டும்தான் ரப்பர் இருந்தது. ஆறும்போது ரேடியேட்டர் உள்ளே இழுக்கும். மேல் விளிம்பிலும் ரப்பர் இருந்தால்தான் பாட்டிலிலிருந்து கூலன்ட் வரும். இல்லையென்றால் விளிம்பு வழியாகக் காற்றுதான் வரும். மூடியின் நடுவில் உள்நோக்கித் திறக்கும் குட்டி வால்வும் வேண்டும். ஹோஸ் முனை பாட்டிலின் அடி வரை போக வேண்டும், பாட்டில் மூடியில் காற்றோட்டத் துளை இருக்க வேண்டும்.

மூடி வாங்கும்போது இன்னும் இரண்டு விஷயம். பழைய பிரிட்டிஷ் பாணி ரேடியேட்டர்களில் கழுத்து ஆழமாக இருக்கும். குட்டை மூடி அடியில் போய் உட்காராது. அப்புறம் அழுத்தம். அம்பாசிடர் எஞ்சினின் தாய்வீடான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) அந்தக் காலத்தில் செய்த வண்டிகளுக்கு 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடிதான் வழக்கம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும்; அதிலேயே 110 டிகிரியைத் தொட்டுவிடும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 0.9 பார் மூடி கிட்டத்தட்ட 13 பிஎஸ்ஐ; ஈயப்பற்று வைத்த கிழட்டு ரேடியேட்டருக்கு அதைப் போட்டால் எங்காவது பிளந்துகொள்ளும்.

கடைசியாக, புது கார்களில் இருப்பதுபோல் அழுத்தம் தாங்கும் தொட்டி. அழுத்த மூடி தொட்டிக்கு வந்துவிடும், ரேடியேட்டருக்கு வால்வு இல்லாத அடைப்பு மூடி. காற்றை ஓயாமல் பிரித்தெடுக்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொட்டி எல்லாவற்றையும்விட உயரத்தில் நிற்க வேண்டும், தண்ணீர் பம்ப் பக்கம் தனி ஹோஸ் இழுக்க வேண்டும். எஞ்சினைவிடத் தாழ்ந்த ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு இது சரி. மேல் தொட்டி உயரமாக நிற்கும் அம்பாசிடருக்கு வீண் செலவு.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. அதில் இன்னொரு லாபமும் உண்டு: எஞ்சின் ஓடும்போது பாட்டிலில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டை (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகிக்கலாம். சரியான மூடி போட்ட பிறகு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்த்தேன். பாட்டிலில் இரண்டு விரல் ஏறியது, காலையில் பழைய கோட்டுக்கே இறங்கியிருந்தது. சூட்டு முள் மட்டும் முன்புபோலவே ஏறியது. அது ரேடியேட்டர் அடைப்பு, பாட்டில் அதற்கு மருந்தல்ல.